ஆங்கிலக் கருத்துணர்தலும் என் சீனத் தோழியும்

ஆங்கிலத்தில் கருத்துணர்தல் பயிற்சி என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். எனக்கும் என் பக்கத்து இருக்கைத் தோழிக்கும் இந்த ஆண்டு முழுவதும் அதுவே பேச்சாகப் போய்விட்டது. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பாடகர்களைப் பற்றியும் நாடகங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் ஒரு தாளை நடுவே வைத்துக்கொண்டு “இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?” என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சண்டையில் நான் அறிந்தவற்றை இந்த மலருக்காக எழுதுகிறேன்.

நம் மலேசிய நாட்டில் சீனத் தொடக்கப்பள்ளிகள் ஏறத்தாழ 1,300 இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல். இவற்றில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுக் கான்வென்டுக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் பின்னால் வந்து சேர்ந்த மொழி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு அது மூன்றாவது. தமிழ், மலாய், பிறகு ஆங்கிலம். என் தோழிக்கோ அது நான்காவது. வீட்டில் பாட்டியிடம் ஹொக்கியன், பள்ளியில் மாண்டரின், அடுத்து மலாய், அதற்கப்புறந்தான் ஆங்கிலம். அவள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வந்தவள். ஆகையால் என்னைவிட மூத்தவள். எனக்கு வருகிற டிசம்பரில்தான் பதினாறு நிறைகிறது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பாதி மலாய், பாதி ஆங்கிலம். இங்கே அவள் பேச்சையெல்லாம் நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அவளைப் படிக்கத் தெரியாதவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவளுடைய தந்தையார் டயர்க் கடை வைத்திருக்கிறார். கடைக்குத் தினமும் ‘குவாங் வா’ நாளிதழ் வரும். 1910இல் பினாங்கில் தொடங்கிய பழைய பத்திரிகை அது. அதன் ஒரு பக்கத்தை, நான் தலைப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் படித்து முடித்துவிடுவாள். சீன எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் கட்டம் கட்டமாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எது எங்கே முடிகிறது என்பதை அவள் கண்ணே பிரித்துக்கொள்ளும். தெரியாத எழுத்து வந்தாலும் அவள் கலங்குவதில்லை. இடப்பக்கம் மூன்று சிறு துளிகள் இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரோடு உறவுள்ள சொல்லாம். ஆறு, கடல், ஏரி, சூப், கண்ணீர் ஆகிய எல்லாவற்றிலும் அந்தத் துளிகளை எனக்குக் காட்டினாள். கண்ணீருக்கும் சூப்புக்கும் ஒரே துளிகள் என்பதைக் கண்டு நான் வெகுநேரம் சிரித்தேன்.

இப்படிப்பட்டவள் ஆங்கிலத் தாளை எடுத்தால் அடிக்கோலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, எறும்பு ஊர்வதுபோல் ஊர்வாள். பத்தியின் கடைசிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோயிருக்கும். நாங்கள் அடுத்த ஆண்டு எழுத வேண்டிய எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் முதல் தாள் வாசிப்புத் தாள். 40 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். ஊர்ந்து சென்றால் பாதி வழியிலேயே மணி அடித்துவிடும்.

டியூஷன் வகுப்புகளில் இதற்கு ஒரு மருந்து தருகிறார்கள். பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக அச்சடித்து மனப்பாடம் செய்யச் சொல்வது. ‘பொம்பாஸ்டிக்’ சொற்கள் என்று அவற்றுக்கு எங்கள் வகுப்பில் பெயர். என் தோழியிடம் அப்படி நான்கு பட்டியல்கள் இருந்தன. நான்கும் அவளுக்கு மனப்பாடம். கட்டுரை எழுதும்போது அவை உதவலாம். ஆனால் வாசிப்பில் அவள் தடுக்கி விழுந்த இடங்கள் அந்தப் பெரிய சொற்கள் இருந்த இடங்கள் அல்ல. பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். ‘இட்’, ‘தே’, ‘ஹூ’, ‘அன்லெஸ்’, ‘ஆல்தோ’, ‘எ’ போன்ற சின்னச் சொற்களோ தெரிந்தவைபோல் முகங்காட்டிவிட்டுக் காலை வாரிவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மருந்துச் சீட்டு தேவைப்பட்டது.

அவளுடைய பாட்டிக்கு இரத்த அழுத்தம். ‘ஆ மா’ என்று அழைப்பாள். மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்களில் உடம்பு நன்றாகிவிட்டதாகப் பாட்டிக்குத் தோன்றியது. நன்றாக இருக்கிறவளுக்கு எதற்கு மாத்திரை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு டப்பாவை மூடி வைத்துவிட்டார். மருந்தகம் திறந்திருக்கவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலத் தாளைத் தந்தையார் எடுத்து என் தோழியின் கையில் கொடுத்து, “கான்வென்டில் படிக்கிறாயே, நிறுத்தலாமா கூடாதா என்று இதில் என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்” என்று கேட்டார். அந்த வீட்டில் ஆங்கிலத் தாளை எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கு வரும்போது அந்த ஒரு வரியை மட்டும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. “டு நாட் ஸ்டாப் டேக்கிங் திஸ் மெடிசின் அன்லெஸ் யுவர் டாக்டர் டெல்ஸ் யூ டு.” இதில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நிறுத்து, மருந்து, டாக்டர், சொல் எல்லாம் தெரியும். ஆனால் முதலில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல், அடுத்து ‘நிறுத்து’ என்று ஒரு சொல், நடுவே ‘அன்லெஸ்’. டாக்டர் நிறுத்தச் சொல்கிறாரா, நிறுத்த வேண்டாம் என்கிறாரா? தவறாகச் சொல்லிவிட்டால் பாட்டிக்கு என்ன ஆகும் என்று பயந்து, “தெரியவில்லை அப்பா” என்று சொல்லிவிட்டாளாம். அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள்.

நான் அந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். “டாக்டர் சொன்னாலொழிய நிறுத்தாதே.” தமிழில் ‘ஒழிய’ என்று ஒரு சொல் இருப்பதால் எனக்குச் சட்டென்று விளங்கியது. அதை மலாயில் அவளுக்குச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் இன்னொரு சொல் எங்கே?” என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினாள். மாண்டரினில் இப்படிச் சொல்ல வேண்டுமானால் முன்பாதியில் ‘ச்சூஃபெய்’ என்று வந்தால் பின்பாதியில் ‘ஃபோவ்ட்ஸ’ என்று ஒரு சொல் வருமாம். இல்லாவிட்டால், மற்றபடி என்று அதற்குப் பொருள். டாக்டர் சொன்னால் நிறுத்து, மற்றபடி நிறுத்தாதே. இரண்டும் சோடியாக வந்து வாக்கியத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்திலோ ஒற்றைச் சொல் மட்டும் தனியே நிற்கிறது. அவள் அதன் சோடியைத் தேடித் தேடி வாக்கியத்தைக் கடந்தே போய்விட்டாள்.

அன்று பள்ளி முடிந்ததும் அலுவலகத் தொலைபேசியில் தந்தையாருக்குச் சொன்னாள். பாட்டி மறுபடி மாத்திரை சாப்பிடுகிறார். திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறாராம்.

நிற்க. இந்தச் சோடிச் சொற்கள்தாம் எங்கள் பயிற்சிக்குத் தொடக்கம். ‘ஆல்தோ’ என்று தொடங்கும் வாக்கியம் எதிலும் அவள் இடறுவாள். மாண்டரினில் ‘சுயிரான்’ வந்தால் பின்னால் ‘தான்ஷி’ வர வேண்டும். இருந்தபோதிலும், ஆனால் என்று இரண்டும். அதனால்தான் சீனப்பள்ளித் தோழியர் பலர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஆல்தோ’ போட்டுவிட்டுப் பின்னால் ஒரு ‘பட்’டும் போடுகிறார்கள், டீச்சர் சிவப்பு மையால் அதை அடிக்கிறார். ‘பிக்காஸ்’ போட்டுப் பின்னால் ‘ஸோ’ போடுவதும் இப்படியே. எழுதும்போது இது பிழையாகத் தெரிகிறது, உடனே திருத்தலாம். வாசிக்கும்போது தெரிவதில்லை. ‘கடல் அமைதியாக இருந்தபோதிலும் மீனவர் வீட்டிலேயே இருந்தனர்’ என்பதை ஆங்கிலத்தில் படித்தால், ‘பட்’ எங்கும் வராததால் கருத்து திரும்பும் இடம் அவள் கண்ணில் படாது. கடல் அமைதி, மீனவர் வீட்டில் என்று இரண்டு செய்திகளாக எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஏன் வீட்டில் இருந்தார்கள் என்ற கேள்விக்குக் கடல் அமைதியாக இருந்ததால் என்று விடை எழுதுவாள்.

ஆகவே ஒரு வழி செய்தோம். அப்படிப்பட்ட வாக்கியம் வரும்போதெல்லாம், காணாமற்போன சோடிச் சொல்லை அவள் தன் கையாலேயே பென்சிலால் வரிக்கு மேலே சீனத்தில் எழுதிவிட வேண்டும். முதல் வாரம் தாள் முழுவதும் பென்சில் கீறல்கள். ஒரு மாதம் கழித்துப் பாதியாகக் குறைந்தது. இப்போது ‘அன்லெஸ்’ ஒன்றுக்குத்தான் எழுதுகிறாள். அதற்கு வாழ்நாள் முழுதும் எழுதுவேன் என்கிறாள்.

அடுத்துக் கண்டது எங்கள் இருவருக்குமே வியப்பு. டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: “தி வுமன் ஹூ ஸோல்ட் தி ஃபிஷ் தட் ஹர் ஸன் காட் வாஸ் டயர்ட்.” களைத்திருந்தது யார் என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் மகன் என்றார்கள். மகனும் மீன் பிடித்ததும் ‘களைத்திருந்தது’ என்பதற்குப் பக்கத்திலேயே நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. நான் என் நோட்டில் தமிழில் எழுதினேன்: ‘மகன் பிடித்த மீனை விற்ற பெண் களைத்திருந்தாள்.’ இதில் குழப்பத்திற்கே இடமில்லை. பெண்ணைப் பற்றிய சேதியெல்லாம் முன்னால் வந்துவிடுகிறது. பெண் வந்ததும் களைப்பு வந்துவிடுகிறது. அதை அவளுக்கு விளக்கியபோது, “எங்களுக்கும் அப்படித்தானே!” என்று கத்தியேவிட்டாள். சீனத்திலும் ‘நேற்று வந்த பெண்’ என்றால் முதலில் நேற்று, பிறகு வந்தது, பிறகு ‘த’ என்று ஓர் ஒட்டுச்சொல், கடைசியில்தான் பெண். ஆங்கிலக்காரர் முதலில் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு அவளுடைய வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறார். வரலாறு முடிவதற்குள் நாம் பெண்ணை மறந்துவிடுகிறோம்.

பள்ளியில் இத்தனை ஆண்டுகளாகத் தமிழ்ப் பகுதி ஓர் அறையிலும் சீனப் பகுதி வேறோர் அறையிலும் நடந்துவந்திருக்கின்றன. இரண்டு மொழியும் இந்த ஒரு காரியத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வினைச்சொல்லை எங்கே வைப்பது என்பதில் மட்டும் நாங்கள் பிரிந்துவிடுகிறோம். சீனத்தில் ஆங்கிலத்தைப் போல அது நடுவில் வரும், நமக்குக் கடைசியில். அந்த வகையில் அவளுக்கு என்னைவிடச் சுலபம் என்று நான் சொல்ல, ‘ஸ்’ போடுவதும் ‘எட்’ போடுவதும் உனக்குத்தான் சுலபம் என்று அவள் சொல்ல, அந்த வாதம் இன்னும் தீரவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சீன வினைச்சொல் நேற்றைக்கும் நாளைக்கும் உருவம் மாறாது. ‘ஹேட் கான்’ என்பதில் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதை வினைச்சொல்லின் வடிவத்திலிருந்து எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. நமக்கோ ‘போனான்’, ‘போவான்’, ‘போயிருந்தான்’ என்று தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது.

முதல் தாளின் நான்காம் பகுதிதான் எல்லாருக்கும் அச்சம். ஒரு கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்துவிட்டிருப்பார்கள். கீழே எட்டு வாக்கியங்கள் கொடுத்திருப்பார்கள். அவற்றில் ஆறு பொருந்தும், இரண்டு ஏமாற்றும். எங்களுக்கு வந்த பயிற்சித்தாள் பாக்காவ் மரங்களைப் பற்றியது. கடலோரச் சேற்றில் வேரூன்றி நிற்கும் அந்த மரங்களைப் பினாங்கு மீனவர்கள் நட்டு வளர்க்கிறார்கள் அல்லவா, அந்தச் செய்தி. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது நம் நாட்டில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும் எங்கள் வீடுகளில் இன்றும் அதைப் பேசுவார்கள். ஆகையால் கட்டுரையின் செய்தி எங்களுக்குப் புதிதன்று. செய்தி தெரிந்திருந்தும் அவளுக்கு இரண்டு விடைகளே சரியாக வந்தன. எனக்கு நான்கு.

அப்போதுதான் அம்புக்குறி முறையைத் தொடங்கினோம். ‘தே’, ‘திஸ்’, ‘தீஸ்’, ‘இட்’ என்று எது வந்தாலும் அதிலிருந்து ஓர் அம்பு பின்னோக்கிக் கிளம்பி, அது குறிக்கும் சொல்லைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அந்த வாக்கியம் அந்த இடத்துக்கு உரியதன்று. பேச்சு மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் ஆங்கிலத்தைக் காதில் கேட்பதுபோல் மனத்துக்குள் படிக்கும் அவளுக்கு, ‘ஹீ’ என்றாலும் ‘ஷீ’ என்றாலும் ஒன்றுபோலவே கடந்துபோகும். அம்பு போடத் தொடங்கிய பிறகு ஐந்து விடைகள் சரியாக வந்தன. எனக்கும் ஐந்து. ஆறாவது எங்கள் இருவருக்கும் சிக்கலாகவே நின்றது. “இட் வாஸ் நாட் அன்டில் தி வேவ்ஸ் கேம் தட் தே அண்டர்ஸ்டுட்” என்று அது தொடங்கியது. அலைகள் வந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது என்பது பொருள். இதில் ‘தே’ கிராமத்தாரைத் தொட்டது. ‘இட்’ மட்டும் எதையும் தொடாமல் நின்றது. மரமா? கடலா? கிராமமா? அவள் மூன்று அம்புகள் போட்டு மூன்றையும் அழித்தாள், தாள் கிழிந்துபோயிற்று.

வியாழக்கிழமைகளில் நூலகத்துக்கு வரும் சிஸ்டரிடம் எடுத்துச் சென்றோம். வயதானவர், முன்பு நம் பள்ளியிலேயே ஆங்கிலம் கற்பித்தவர். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மழை பெய்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். சொன்னோம். “அந்த ‘இட்’ யார்?” என்றார். நாங்கள் விழித்தோம். தமிழில் மழை பெய்கிறது. சீனத்தில் ‘விழுகிறது மழை’. ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டே ஆகவேண்டும், ஆள் இல்லாவிட்டாலும் நாற்காலி இருக்கும், அந்தக் காலி நாற்காலிதான் இந்த ‘இட்’ என்றார் சிஸ்டர். என் தோழி அன்றிலிருந்து அப்படிப்பட்ட ‘இட்’டுக்கு மேல் அம்பு போடுவதில்லை, சின்னதாக ஒரு நாற்காலி வரைகிறாள். திருத்திக் கொடுத்த டீச்சர், “இது என்ன மேசை நாற்காலிக் கடை?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

‘எ’ என்ற ஒற்றை எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் ஆட்கள் வரவில்லையே என்று குறைப்படுவது. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலராவது வந்தார்கள் என்று சொல்வது. ஓர் எழுத்து விழுந்தால் எழுதியவருடைய மனநிலையே மாறிவிடுகிறது. தமிழிலும் சீனத்திலும் இந்த ‘எ’வுக்கு நேரான சொல் இல்லாததால் எங்கள் இருவர் கண்ணுக்கும் அது தூசுபோலத்தான் தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் எங்களிடம் முறை எதுவும் இல்லை. வட்டம் போட்டு வைக்கிறோம், அவ்வளவே. எழுதியவர் ஏன் வருத்தப்படுகிறார் என்று ஒரு கேள்வி வந்தால் அந்த வட்டத்திற்குத் திரும்பிப் போகிறோம்.

எங்கள் பயிற்சியில் சில விதிகளும் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பத்திக்கு மேல் கிடையாது. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடக்கூடாது. தெரியாத பெரிய சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். சின்னச் சொல்லை மட்டும் விடக்கூடாது. படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு அவள் எனக்கு மலாயில் கதையாகச் சொல்ல வேண்டும், நான் குறுக்கே கேள்வி கேட்பேன். அடுத்த நாள் முறை மாறும். விடைத்தாளைக் கடைசியில்தான் பார்ப்போம். அலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் என்ன என்று கேட்கும் தோழியரும் உண்டு. பொருள் கிடைக்கும், உண்மைதான். ஆனால் தேர்வு அறைக்குள் அலைபேசி வராதே.

சென்ற மாதப் பரீட்சையில் அவளுக்கு நாற்பதுக்கு 27. படிவம் மூன்றில் அவள் வாங்கியது இதில் பாதிகூட இல்லை. எனக்கு 31. அவளுடைய தந்தையார் அந்தத் தாளைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் பார்க்கப் போனேன். நாற்காலிப் படங்களோடு அப்படியே இருந்தது. எனக்கு ஒரு சோயாப்பால் வாங்கிக் கொடுத்தார். பாட்டி உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஹொக்கியனில் நெடுநேரம் என்னவோ சொன்னார். என் தோழி அதை மொழிபெயர்க்கவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிருந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் முதல் படிவத்துச் சிறுமியர் நால்வர் எங்கள் மேசைக்கு வருகிறார்கள். மூவர் சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், ஒருத்தி தமிழ்ப்பள்ளி. சிஸ்டர் நூலகத்தில் ஜன்னலோர மேசையை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். சோடிச் சொற்களை என் தோழி அந்த மூவருக்கும் மாண்டரினில் சொல்லிக் கொடுக்கிறாள். நான்காமவளுக்கு நான் ‘ஒழிய’வைச் சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்த வாரத்துக்கு எந்தப் பத்தியை எடுப்பது என்பதில் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு மறுபடி பாக்காவ் மரம். அவளுக்கு மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளின் மற்றப் பகுதிகள்.